பால் அறைச் சுவரில் ஒரு கோடு

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை என்று நினைத்துவிடாதீர்கள். கேலன் ரோரரை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். அவன் சுவருக்குப் பெயின்ட் கலந்து கொடுத்தவன் நான். பின்னால் அந்தச் சுவரை என் கையாலேயே தொட்டும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். எங்கள் பென்சில்வேனியாவில் பழைய வீடு என்று ஒன்று இருந்தால், அதோடு ஒரு பேய்க் கதையும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் என் கடைக்குப் பெயின்ட் வாங்க வருகிறவர்கள் ஒரு கதையை அவிழ்த்துவிடாமல் போனதில்லை. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். பனியை நம்புவேன், என் முழங்கால் வலியை நம்புவேன், மற்றதெல்லாம் வேலையில்லாதவர்கள் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

கேலனும் அப்படித்தான். தீவன ஆலையில் லாரி ஓட்டுகிறவன். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவனுக்கும் லோர்னாவுக்கும் விவாகரத்து ஆயிற்று. ஒரே மகள், டெல்லா, ஒன்பது வயது. பிள்ளை அம்மாவிடம். கேலன் ஊருக்கு வெளியே, சோளக் கொல்லைக்கு நடுவில், மெர்ல் ஐமன் என்ற கிழவரின் பழைய பால் பண்ணை வீட்டை வாங்கிக்கொண்டு போனான். மாடுகள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. பெண் பிள்ளைக்குத் தனி அறை இருந்தால்தான் வாரக் கடைசியில் அவள் அங்கே தங்கலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம்தான்.

அந்த மூன்று மணி நேரமும் டெல்லா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாளாம். ஒருநாள் கடையில் என் எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து கேலன் சொன்னான்:

"வந்ததுலேர்ந்து ஒரே பேச்சுதான்டா. 'எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?'னு. வீடுன்னா அவ அம்மா வீடு. நம்ம வீட்டுல உனக்கு என்ன குறைன்னு கேட்டேன். 'எனக்குன்னு இங்க ஒண்ணுமே இல்லையே'ங்கறா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பிள்ளையை விட்டால் வேறு யாரும் இல்லை.

சமையலறைப் பின்கதவை ஒட்டி ஒரு பால் அறை இருந்தது. அந்தக் காலத்தில் கறந்த பாலைக் கேனோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர வைக்கிற இடம். செங்கல் சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். தொட்டியைத் தூர்த்துத் தரை போட்டு, மின்சாரம் இழுத்து, ஹீட்டர் மாட்டிவிட்டான். சுவர்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்திலிருந்து ஒரு அம்மாள் அறையைப் பார்க்க வருவதாக இருந்தது.

"பழைய சுண்ணாம்புச் செவுருடா," என்றேன். "அதுமேல பெயின்ட் அடிச்சா அப்பளம் மாதிரி பொரிஞ்சு வந்துரும். பேசாம சுண்ணாம்பே அடிச்சுட்டுப் போ."

"சாய்ஞ்சா சட்டையெல்லாம் வெள்ளையாகும். பொம்பளப் புள்ள ரூம்டா அது. மாட்டுக் கொட்டாயா?"

"அப்ப மொத்தத்தையும் சுரண்டணும்."

"சுரண்டறேன். என்ன இப்போ, நாலு செவுருதானே?"

வெண்ணெய் நிறத்தை டெல்லாதான் அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். கலந்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஆலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வேலையைத் தொடங்கினான். சுவரை நனைத்து, முகமூடி கட்டி, தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூன்று சுவர்கள் சிரமம் தரவில்லை. இரண்டு மூன்று பூச்சுதான், பொலபொலவென்று உதிர்ந்தது. நான்காவது, கதவு இருக்கிற சுவர். அதில் கதவுக்கு இடது பக்கம் ஒரு இடம் மட்டும் வயிறு மாதிரி உப்பியிருந்தது. தரையிலிருந்து அவன் நெஞ்சு உயரம் வரை, ஒரு ஆள் நிற்கிற அகலம். அங்கே சுண்ணாம்பு கட்டைவிரல் தடிமன். மற்ற இடமெல்லாம் சும்மா விட்டுவிட்டு, யாரோ அந்த இடத்தை மட்டும் மாற்றி மாற்றி வெள்ளையடித்திருக்கிறார்கள்.

அவனுக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். மெர்லுக்குப் போன் போட்டான். கிழவர் குளிருக்குப் பயந்து புளோரிடாவுக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. "என்ன பெரியவரே, அந்தச் செவுத்துல அப்படி என்னத்தப் பொதைச்சு வச்சிருக்கீங்க? தங்கமா? கெடைச்சா பாதி உங்களுக்கு" என்று குரலைப் பதிவு செய்துவிட்டுச் சுரண்ட உட்கார்ந்தான்.

முதல் அடை பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு பென்சில் கோடு.

படுக்கை வாட்டில், ஒரு சாண் நீளத்துக்கு. பார்த்ததும் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது உண்டு. குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து, கோடு போட்டுவிடுவோம். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கோடு மேலே ஏறும். லோர்னா வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் டெல்லாவின் கோடுகள் இரண்டு வயதிலிருந்து ஏறிக்கொண்டே போகின்றன. இதுவும் பால் பண்ணைப் பிள்ளை யாருடையதோ என்று நினைத்தான். மனசுக்கு இதமாகக்கூட இருந்ததாம்.

இன்னொரு அடையைப் பெயர்த்தான். அடியில் ஒரு கோடு. அதே இடம்.

அதற்கும் அடியில் ஒரு கோடு. அதே இடம்.

பூச்சுக்குப் பூச்சு ஒரு கோடு. எல்லாம் ஒரே உயரத்தில். பெயர் இல்லை, தேதி இல்லை. பிள்ளை வளர்ந்தால் கோடு ஏற வேண்டும். இது ஏறவே இல்லை. கடைசியில் செங்கல் தெரிந்தபோது, அதிலும் ஒரு கோடு. அது பென்சில் இல்லை, செங்கல்லையே கீறிப் போட்டது.

பிறகு தகட்டைக் கீழே போட்டுவிட்டுக் காபி குடிக்க ஜன்னல் பக்கம் போனான்.

சர்ர்ர்... சர்ர்ர்...

சுரண்டுகிற சத்தம். அவன் கையில் காபிக் குவளை. தகடு தரையில் கிடக்கிறது.

சர்ர்ர்...

கதவுப் பக்கச் சுவரிலிருந்துதான் வந்தது. அவன் இடுப்பு உயரத்துக்குக் கீழே. அவன் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. எலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எலி அப்படி நீளமாக இழுத்துச் சுரண்டாது என்பது அவனுக்கும் தெரியும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தான். தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள், மாவு கொட்டினது போல. அந்த இடத்துக்கு நேர் கீழே, தூளில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. செருப்பில்லாத சின்னப் பாதங்கள். குதிகால் இரண்டும் சுவரோடு ஒட்டி, விரல்கள் அறையைப் பார்த்து. வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை. யாரோ அங்கே நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

துடைப்பத்தை எடுத்துப் பெருக்கித் தள்ளிவிட்டான்.

"உனக்கு அப்பவே ஒண்ணும் தோணலையாடா?" என்று பின்னால் கேட்டேன்.

"தோணுச்சு," என்றான். "தோணினா? செவ்வாய்க்கெழம அந்தம்மா வரப்போறா. பேய்க்குப் பயந்துக்கிட்டு எம் புள்ளைய விட்டுடறதா?"

வெள்ளிக்கிழமை சுவரைக் கழுவினான். ஹீட்டர் போட்டுக் காய வைத்து, பிரைமர் அடித்து, சாயங்காலத்துக்குள் பெயின்ட்டும் அடித்து முடித்தான். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் அறை ஜம்மென்று இருந்தது. சுவரெல்லாம் காய்ந்து வெண்ணெய் நிறத்தில் மினுமினுத்தது. ஒரே ஒரு இடம் மட்டும் காயவில்லை. கதவுக்கு இடப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு ஓர் ஈரக் கோடு. துணியால் ஒற்றி எடுத்தான். எடுத்த கையோடு மறுபடி ஊறியது. செங்கல்லில் உப்பு இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மூன்று மணிக்கு லோர்னா காரில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"பரவால்லியே, ஒரு வேலையத் தொடங்கி முடிச்சிருக்க. நாம ஒண்ணா இருந்தப்போ இந்தச் சுறுசுறுப்பு எங்க போச்சு?"

"உள்ள வந்து பாரேன்."

"வேணாம். நான் பாத்தா ஏதாவது சொல்லுவேன், உனக்குக் கோவம் வரும்." சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

டெல்லா பால் அறை வாசலில் நின்றாள். ஊதா நிறக் கோட்டு, முகத்தில் வழக்கமான உர்ரென்ற களை. மெதுவாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது எனக்காப்பா?"

"உனக்கேதான்டா கண்ணு."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான்."

கோட்டைக் கழற்றினாள். அந்த வீட்டில் அவள் கோட்டைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. கேலனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அந்த நிமிஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தான். எங்கள் ஊரில் எந்த அப்பனும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான்.

"வா, உன்னை அளந்து கோடு போடலாம். இந்த ரூமுக்கு மொதக் கோடு உன்னோடது."

"அம்மா வீட்டுலதான் இருக்கே."

"இங்கயும் இருக்கட்டுமே. நீ வளர்றத நானும் பாக்க வேணாமா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கச் சுவரைக் காட்டினான். அவள் கதவுக்கு இடப்பக்கம் போய் நின்றாள்.

"அங்க வேணாம். இங்க வா."

"இங்க ஏற்கெனவே கோடு இருக்கேப்பா," என்றாள்.

செருப்பைக் கழற்றினாள். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். அவன் ஒரு புத்தகத்தை அவள் தலைமேல் மட்டமாக வைத்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

டக்.

ஹீட்டர் அணைந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அவ்வளவு நேரம்தான். ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட இருக்காது.

திரும்பி, கோட்டைப் போட்டான். பென்சில் அந்த ஈரக் கோட்டின் மேலேயே போனது. மயிரிழை பிசகவில்லை.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

கண்ணைத் திறந்து அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"இனிமே நான் இங்கயே இருக்கலாமா அப்பா?"

கேலன் முட்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டான். எத்தனை மாதமாக அந்த வார்த்தைக்கு ஏங்கியிருந்தான்! அவள் கை ஜில்லென்றிருந்தது. பின்னந்தலை முடியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டான். அந்த அறையில் சுண்ணாம்பு துளிகூட மிச்சம் இல்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று அவன் வைத்த கோழி-சோள சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வழக்கமாகச் சோளத்தைப் பொறுக்கித் தட்டோரத்தில் வைக்கிறவள். ஆறு மணிக்கு லோர்னா வந்து கூப்பிட்டபோது அப்பன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லோர்னாவின் முகம் தொங்கிப் போயிற்று. கேலனுக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம். அதை என்னிடம் சொல்லும்போது வெட்கப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்து அம்மாள் வந்தாள், பார்த்தாள், சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை இனி பிள்ளை அவனோடு. அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என் கடைக்கு வந்து எல்லோருக்கும் டோனட் கொடுத்தான்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

அவள் போன் கேட்கவில்லை. சிநேகிதிகளைப் பற்றிப் பேசவில்லை. பனி விழும் தரையில் வெறுங்காலோடு நடந்தாள். பாலைக் குடிக்கும் முன் முகர்ந்து பார்த்தாள்.

வேலையில்லாமல் நிற்கும்போதெல்லாம் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். குதிகால் இரண்டும் சுவரில். சமையலறையில், கூடத்தில், எங்கேயும்.

ஒரு காலையில் ரொட்டி கருகிவிட்டது. கேலன் கத்தியால் கருகலைச் சுரண்டினான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

"என்னடா கண்ணு?"

"சுரண்டாத... சுரண்டாத..."

பால் அறைச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். தண்ணீர் கோத்திருக்கும் என்று அழுத்திப் பார்த்தான். தண்ணீர் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அதற்கு மேலே ஐந்து சின்னக் கொப்புளங்கள்.

கையை விரித்து வைத்தால் அப்படி இருக்கும். சின்னக் கை. உள்ளே இருந்து.

அவள் லோர்னா வீட்டில் இருக்கும் நாட்களில்தான் சத்தம் வந்தது. சாயங்காலம் நாலே கால் வாக்கில், வெளிச்சம் மங்கும் நேரம்.

டொக்... டொக்...

அவன் சமையலறையில் அசையாமல் நிற்பான்.

டொக்...

நவம்பர் நடுவில் மெர்ல் கிழவர் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பதிஞ்சு வச்ச குரல இப்பத்தான் கேட்டேன். அந்தச் செவுத்த என்ன பண்ண?"

"சுரண்டிப் பெயின்ட் அடிச்சிட்டேன். அந்த எடத்துல மட்டும் ஏன் அவ்ளோ சுண்ணாம்பு?"

"எங்கப்பா வருஷா வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதும் அடிப்பாரு. அவருக்கப்பறம் நான் அடிச்சேன். கோடு வெளிய தெரிஞ்சா ஒடனே அடிச்சுடணும், சுரண்ட மட்டும் கூடாதும்பாரு. ஏன்னு நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல."

"யாரு போட்ட கோடு அது?"

"தெரியாது. எங்க தாத்தா வாங்கறப்பவே இருந்துச்சாம்." கிழவர் குரல் தணிந்தது. "தம்பி... வீட்டுல கொழந்த இருக்கா?"

"மக இருக்கா."

"அங்க நிக்க வச்சு அளந்தியா?"

மறுமுனையில் கிழவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அடித்தான். எடுக்கவே இல்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் பண்டிகைக்கு மறுநாள் பிள்ளையைக் கூட்டிவர லோர்னா வீட்டுக்குப் போனான். லோர்னா நல்ல மனநிலையில் இருந்தாள். சமையலறை நிலையருகே நின்று கூப்பிட்டாள்.

"டெல்லா, வாடி இங்க. பொறந்தநாளுக்கப்பறம் எவ்ளோ வளந்திருக்கன்னு பாக்கலாம்."

பிள்ளை நகரவில்லை.

"வாடின்னா."

வந்தாள். நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். லோர்னா தலையில் கையை மட்டமாக வைத்தாள்.

ஆகஸ்டில் பிறந்தநாளுக்குப் போட்ட கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.

மூன்று விரல் மேலே.

"குனியாத, நேரா நில்லு."

நேராகத்தான் நின்றாள். மூன்று விரல்.

லோர்னா சிரித்தாள். "கோட்டத் தப்பா போட்டுட்டோம் போல. அன்னிக்கு நீதானே கேலன் போட்ட? உன்ன நம்பினா இப்படித்தான்."

அந்தக் கோட்டை அவன்தான் போட்டான். புத்தகத்தை வைத்து, இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டான். பிள்ளைகள் வளரும். தேயாது.

பிள்ளை லோர்னாவைப் பார்க்கவில்லை. கோட்டையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போலாம்ப்பா," என்றாள்.

ஆலை லாரி வழியில் பழுதாகி நிற்கிறது, போயாக வேண்டும் என்று ஏதோ உளறி, அவளை லோர்னாவிடமே விட்டுவிட்டுத் தனியாக வந்தான். வந்ததும் தகட்டை எடுத்தான். பால் அறைக் கதவுக்கு இடப்பக்கம் சுரண்டினான்.

பெயின்ட் பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது.

உள்ளே செங்கல். அவன் கையாலேயே சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய செங்கல்.

பழைய கீறல் இருந்தது.

அதற்கு மேலே ஒரு பென்சில் கோடு.

புதிது. மூன்று விரல் மேலே. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தன் தலைமேல் தானே கையை வைத்து, பார்க்காமல் கோடு போட்டால் அப்படித்தான் சாயும்.

காதை வைத்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு... விக்கல். அழுதழுது ஓய்ந்த பிள்ளைக்கு வருகிற விக்கல். டெல்லாவுக்குச் சின்ன வயசிலிருந்தே அழுதால் விக்கும்.

"டெல்லா..."

விக்கல் நின்றது.

டொக்.

உளியை எடுத்து அந்த இடத்தில் செங்கற்களைப் பெயர்த்தான். ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. அறுத்த சோளத் தாள்மேல் பனி. சுவருக்குள் ஒரு எலி படுக்கக்கூட இடம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு பயம் வந்துவிட்டது. கலைத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. எடுத்த கற்களை எடுத்த வரிசைப்படியே சாந்து வைத்துப் பூசினான்.

இதெல்லாம் போன வருஷம். அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? லோர்னாவிடம் போய், உன்னோடு இருப்பது நம் பிள்ளை இல்லை என்றா? அன்றிலிருந்து வாரா வாரம் அந்தப் பிள்ளையைக் கூட்டி வருகிறான், சோறு போடுகிறான், தூங்க வைக்கிறான். கூட்டி வராவிட்டால் நீதிமன்றத்தில் கேள்வி வரும். அந்தப் பிள்ளையைக் கோபப்படுத்தினால் சுவருக்குள் இருப்பவளுக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது.

இந்த அக்டோபரில் கடைக்கு வந்தான். பெயின்ட் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "வந்து பாரு," என்றான். போனேன்.

சமையலறையில் அந்தப் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. "வாங்க அங்கிள்" என்றது மரியாதையாக. வெளியே போகக் கிளம்பியிருந்தது போல, ஊதாக் கோட்டைப் போட்டிருந்தது. போன வருஷக் கோட்டு. கை கொஞ்சமும் குட்டையாகவில்லை, அளவெடுத்துத் தைத்தது போலச் சரியாக இருந்தது. லோர்னா டாக்டர் டாக்டராக அலைகிறாளாம். சில பிள்ளைகள் லேட்டாக வளரும், பொறுங்கள் என்கிறார்களாம்.

பால் அறைக்குள் போனோம். கேலன் கதவைச் சாத்தினான். கதவுக்கு இடப்பக்கம் செங்கல் வெறுமையாக இருந்தது. எதிரில் ஒரு நாற்காலி. சாயங்காலத்தில் அங்கே உட்கார்ந்து பேசுவானாம். பள்ளியில் என்ன பாடம் நடக்கிறது, மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வந்தது, எல்லாம்.

"கோடு தெரிஞ்சா ஒடனே சுண்ணாம்பு அடிக்கணும்னு கெழவர் சொன்னாரே, அடிச்சா எல்லாம் நின்னுடாதா?" என்றேன்.

"நின்னுடும். அதான் அடிக்கல."

கோட்டைக் காட்டினான். ஒன்று இல்லை. சாய்ந்த கோடுகள் வரிசையாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கீறலிலிருந்து மேல் கோடு வரைக்கும் விரலை வைத்து அளந்தேன். ஆறு விரல்.

"பாத்தியா?" கேலன் என் தோளைப் பிடித்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அந்தப் பழைய கோடெல்லாம் அத்தன வருஷமா ஒரே எடத்துல கெடந்துச்சு. செத்தது எப்படி வளரும்? இவ வளர்றாடா. உள்ள உசுரோட இருக்கா."

செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெளியே பனி கொட்டுகிறது, அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். வேறு எதையும் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சமையலறை வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றி நடந்து காருக்கு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கேலன் போன் செய்தான். ஏழு விரல் ஆகிவிட்டது என்றான். அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.